கோதை மாமி கடையின் மூலை மிஷின்

புனேயை ஒட்டிய நிக்டியில் கோதையை மாமி என்று கூப்பிடாதவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். மராத்திப் பிள்ளைகள், குஜராத்தி மளிகைக்காரர், கூரியர் கொண்டு வருகிறவர், கம்பத்தில் ஏறி டெலிபோன் ஒயரைப் பார்க்கிறவர், எல்லாருக்கும் அவள் மாமிதான். மராத்தியிலும் மாமன் மனைவிக்கு மாமி என்றே பேர் என்பதால் யாருக்கும் நாக்கு தடுக்கவில்லை. நாற்பதைக்கூடத் தொடாத பெண்ணை அறுபது வயதுக்காரர்களும் மாமி என்று கூப்பிட்டதில் அவளுக்கு ஆரம்பத்தில் கொஞ்சம் மனத்தாங்கல் இருந்தது. பிறகு அதுவே கடையின் பெயராகவும் ஆகிவிட்டதால் விட்டுவிட்டாள். வாசல் போர்டில் 'ஸ்ரீரங்கா சைபர் கஃபே' என்று எழுதியிருந்ததை அவள் கணவர் ஸ்ரீவத்சனைத் தவிர வேறு யாரும் படித்ததாகத் தெரியவில்லை.

கும்பகோணத்தில் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணின கையோடு 1992-ல் கல்யாணமாகி வந்தவள் கோதை. ஸ்ரீவத்சன் பிம்ப்ரியில் ஒரு தொழிற்சாலையில் டூல் ரூமில் வேலை பார்த்தார். தொழிற்சாலைக்காரர்கள் நிறைய பேர் குடியிருந்த காலனியில் தரைத்தள வீடு. வந்த புதிதில் பாஷை தெரியாமல் திருதிருவென்று விழித்தாள். காய்கறிக்காரியோடு சண்டை போட்டுத்தான் மராத்தி படிந்தது. அதனால் அவள் மராத்தியில் கெஞ்சினால்கூடக் கேட்கிறவர்களுக்கு அதட்டுகிற மாதிரிதான் இருக்கும்.

காலனியில் தமிழ்க் குடும்பங்கள் கொஞ்சம் இருந்தன. நல்ல மனுஷர்கள்தான். முறுக்குப் பிழிய ஆள் வேண்டுமென்றால் ஓடி வருவார்கள், ஊருக்குப் போனால் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவார்கள். ஆனால் ஒரு வீட்டு விஷயத்தை இன்னொரு வீட்டில் பேசித் தீர்க்காமல் அவர்களுக்குச் சாப்பாடு இறங்காது. 1995-ல் கோதைக்கு நான்காம் மாதத்தில் கரு கலைந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து ஆட்டோவில் வந்து இறங்கினால் வாசலில் பெண்கள் கூட்டமாக நிற்கிறார்கள். கூடத் துணைக்கு வந்த பக்கத்து வீட்டம்மாள் முன்னாடியே வந்து எல்லாருக்கும் சொல்லிவிட்டாள். கோதையின் அம்மாவுக்கே அப்போது விஷயம் தெரியாது. ஆறுதல் சொல்லத்தான் வந்திருந்தார்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் இதை யாரிடம், எப்போது சொல்வது என்று முடிவு பண்ண வேண்டியவள் தான்தானே என்கிற ஆத்திரம் அவளை விட்டுப் போகவே இல்லை. குழந்தை போன துக்கம்கூட வருஷப் போக்கில் தணிந்தது, இது தணியவில்லை.

1999-ல் தொழிற்சாலை ஆட்குறைப்பில் இறங்கியது. ஸ்ரீவத்சன் நீட்டின இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டில் வந்து உட்கார்ந்தார். ஒரே பேப்பரை மடித்து மடித்து நாள் முழுக்கப் படிக்கிற கணவரை ஒரு பெண் எத்தனை நாள்தான் பார்த்துக்கொண்டிருப்பாள்? கோதை கம்ப்யூட்டர் வகுப்பில் போய்ச் சேர்ந்தாள். டைப் அடித்துப் பழகின கை, சீக்கிரம் பிடித்துக்கொண்டது. 2001-ல் வீட்டு முன்னறையைத் தடுத்து ஆறு கம்ப்யூட்டர் போட்டுக் கடை திறந்துவிட்டாள். ஸ்ரீவத்சனின் பொறுப்பில் யுபிஎஸ்ஸும், வாசலில் கழற்றிவிடும் செருப்புகளும் வந்தன.

கடைக்கு அவள் வைத்த சட்டம் ரொம்பக் கறாரானது. ஒருவர் நாற்காலிக்குப் பின்னால் இன்னொருவர் நிற்கக்கூடாது. அவளும் நிற்க மாட்டாள். பிரிண்ட் எடுக்கச் சொன்னால் காகிதத்தைக் கவிழ்த்தே கொடுப்பாள். கல்யாணப் பந்தியில் இலையை எடுத்து இடத்தைத் துடைத்துவிட்டு அடுத்த இலை போடுவது போல, ஒருவர் எழுந்து போனதும் அவர் பார்த்ததன் சுவடுகளை மிஷினிலிருந்து அழித்துவிட்டுத்தான் அடுத்தவரை உட்கார விடுவாள். பெண்கள் தயங்காமல் வர வேண்டும் என்று மூலையில் இருந்த மிஷினைச் சுவர்ப் பக்கம் பார்க்கத் திருப்பியும் வைத்தாள். "இங்க பாக்கறது இங்கயே இருக்கும்" என்பது அவள் எல்லாரிடமும் சொல்கிற வார்த்தை. சொன்ன சொல்லில் அவளுக்கு அசாத்தியப் பெருமை.

அந்த மூலை மிஷினுக்குச் சாயங்காலம் ஒரு வாடிக்கை உண்டு. பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கும் பாத்திமா டீச்சர். அவர் அப்பா திருச்சியிலிருந்து கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலைக்கு வேலைக்கு வந்தவர். டீச்சர் பிறந்ததும் வளர்ந்ததும் புனேதான். கோதையை மாமி என்று கூப்பிடாத சிலரில் அவர் ஒருவர். பள்ளிக்கூடம் விட்டதும் வந்து வினாத்தாள் டைப் அடிப்பார், குவைத்தில் இருக்கும் தங்கைக்கு மெயில் போடுவார், கொஞ்ச நேரம் தன் பாட்டுக்கு எதையாவது தேடிப் படிப்பார். அந்த நேரத்தில்தான் பிள்ளைகள் கூட்டமும் மொய்க்கும் என்பதால் கோதை ஐந்து மணி அடித்ததும் மூலை நாற்காலியில் ஒரு துண்டை மடித்துப் போட்டு வைப்பாள். கும்பகோணம் பஸ் ஸ்டாண்டில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடித்து வளர்ந்தவளுக்கு வேறெப்படி மரியாதை செய்யத் தெரியும்? துண்டைப் பார்த்தால் எந்தப் பிள்ளையும் கிட்டே போகாது. அது டீச்சர் மிஷின் என்று கடைக்கு வருகிற வாண்டு வரைக்கும் தெரிந்திருந்தது.

2005 தீபாவளிக்குக் கொஞ்சம் முன்னால் 'காட் ரோடு ரேஸ்', அதாவது மலைப்பாதைப் பந்தயம், என்று ஒரு கார் விளையாட்டு வந்தது. மலைச்சாலையில் வளைந்து வளைந்து ஓட்ட வேண்டும், பிசகினால் பள்ளத்தாக்கில் போய் விழ வேண்டியதுதான். இனாமாகக் கிடைத்தது. பிள்ளைகள் நச்சரித்ததில் கோதை ஆறு மிஷினிலும் அதை ஏற்றினாள். ஏற்றும்போது ஒரு நீளமான ஒப்பந்தம் திரையில் வந்தது. ஒவ்வொரு மிஷினிலும் படிக்காமலே 'சம்மதம்' என்பதை அழுத்தினாள். யார்தான் படிக்கிறார்கள்? அதற்குப் பிறகு கடையில் கால் வைக்க இடமில்லை. சாலையோரம் பெரிய பெரிய விளம்பரப் பலகைகள் நிற்கும், நிஜமான பைக், நிஜமான குளிர்பானம். அவை நாளுக்கு நாள் மாறும். எக்ஸ்பிரஸ் வேயில் போகிற மாதிரியே இருக்கிறது என்று பிள்ளைகளுக்கு அதில் தனிக் குஷி.

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, துண்டு போடாத காலை நேரத்தில், மூலை மிஷினில் உட்கார்ந்த பையன்கள் திடீரென்று கெக்கெக்கென்று சிரித்தார்கள். மலைச்சாலையின் முதல் வளைவிலேயே ஒரு பலகை நின்றது. 'காது சரியாகக் கேட்கவில்லையா? இலவசப் பரிசோதனை. கர்வே ரோடு, புனே.' அடுத்த வளைவில் காதில் மிஷின் வைத்துக்கொண்டு ஒரு தாத்தா புன்னகைத்தார். அதற்கடுத்த வளைவிலும் அவரே.

"இது தாத்தாக்கள் ஓட்டற கார்!" என்று மராத்தியில் ஒருவன் கத்த, கடையே அதிர்ந்தது. கோதையும் சிரித்துவிட்டாள். பாவம், அப்போது அவளுக்கு என்ன தெரியும்.

மறுவாரம் ரீனா வந்து பக்கத்தில் நின்றாள். ஸ்ரீவத்சனோடு வேலை பார்த்த லூர்துசாமியின் மகள், பாத்திமா டீச்சரிடம் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறவள், பையன்களை எல்லாம் ஓரங்கட்டிவிட்டுக் கார் ஓட்டுகிறவள். தமிழ் அவளுக்குத் தத்தித் தத்தித்தான் வரும்.

"மாமி, என் மிஷின்ல பைக் போர்டு வருது. கார்னர் மிஷின்ல மட்டும் டெய்லி காது, காது, காது. ஏன் மாமி?"

"எனக்கென்னடி தெரியும்? ஏதாவது வைரஸா இருக்கும்."

"வைரஸ் இல்ல மாமி. கார்னர் மிஷின் டீச்சர் மிஷின்தானே?" என்று சொல்லிவிட்டு ரீனா ஓடிப்போய் மற்றவர்களோடு குசுகுசுவென்று பேசினாள். எல்லாரும் ஒரே சமயத்தில் மூலைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள்.

கோதையும் பார்த்தாள். கொஞ்ச நாளாக டீச்சர், பக்கத்தில் போய் நின்றால்தான் திரும்பிப் பார்க்கிறார் என்பது அப்போதுதான் உறைத்தது. கூடவே இன்னொன்றும் உறைத்தது: டீச்சர் தன்னிடம் சொல்லாத ஒன்று தனக்குத் தெரிந்துவிட்டது. அடுத்தவர் அறைக்கதவைத் தட்டாமல் திறந்துவிட்டது போல அவளுக்குக் கூசியது.

மறுநாள் மத்தியானம், கடை காலியாக இருந்த நேரத்தில், ஸ்ரீவத்சனைக் கூப்பிட்டாள். ஒரு மிஷினில் பட்டுப்புடவை என்று தேடினாள், இன்னொன்றில் பல் செட், மூன்றாவதில் உடம்பு இளைக்க வழி. பத்திருபது பக்கங்களைத் திறந்து திறந்து பார்த்தாள். வழக்கம்போலச் சுவடுகளைச் சுத்தமாக அழித்தாள். பிறகு கணவரைப் பல் செட் மிஷினுக்கு முன்னால் உட்கார வைத்தாள்.

"என்னைப் போய்க் கார் ஓட்டச் சொல்றியே கோதே. எனக்கு ஸ்கூட்டரே ஒழுங்கா வராது."

"ஜெயிக்க வேண்டாம்னா. போர்டைப் படிச்சுண்டே போங்கோ, போறும்."

ஸ்ரீவத்சன் ஓட்டினார். மூன்று தடவை பள்ளத்தாக்கில் விழுந்தார், ஒரு தடவை வந்த வழியே திரும்பிப் போனார். கொஞ்ச நேரம் வரைக்கும் குளிர்பானமும் பைக்குமாகவே வந்தன. பிறகு நாற்காலியிலிருந்தே துள்ளினார்.

"கோதே! பல் செட்டு வந்துடுத்து!"

அடுத்த மிஷினில் பட்டுப்புடவை. அதற்கடுத்ததில் இடுப்புச் சதை குறைக்கிற ஏதோ ஒரு பெல்ட். ஸ்ரீவத்சன் மந்திரவாதியைப் பார்த்த குழந்தை மாதிரி சிரித்தார். கோதைக்குச் சிரிப்பு வரவில்லை. விளையாட்டோடு கூட ஏதோ ஒன்று உள்ளே வந்து உட்கார்ந்திருக்கிறது. ஒவ்வொருத்தர் தேடுவதையும் பார்க்கிறது, எங்கேயோ அனுப்புகிறது, அங்கிருந்து பலகை வருகிறது. அவள் துடைத்ததெல்லாம் மேலாகத் துடைத்ததுதான். ஐந்து வருஷமாக மற்றவர்கள் மூக்கை நுழைக்காமல் காவல் காத்தவள், ஒரு ஒற்றனைத் தானே ஆறு நாற்காலியிலும் உட்கார வைத்திருக்கிறாள். அவர்கள் சார்பில் சம்மதமும் அவளே கொடுத்திருக்கிறாள். போதாததற்குத் துண்டு போட்டு, இது இன்னாருடைய மிஷின் என்று ஊருக்கும் காட்டியிருக்கிறாள். அவளுக்குத் தன் மேலேயே அப்படி ஒரு கோபம் வந்தது.

அன்று சாயங்காலம் பாத்திமா டீச்சர் வந்தார். உட்காரவில்லை. பையைத் தோளிலிருந்து இறக்கக்கூட இல்லை.

"கோதைக்கா, நைன்த் பி-ல பின் பெஞ்சுல ரெண்டு பேரு வாயை மட்டும் அசைக்கிறாங்க, சத்தமே இல்லாம. நான் 'க்யா?'ன்னு கேட்டா எல்லாரும் சிரிக்கிறாங்க. டெஸ்ட் பண்ணிப் பாக்கிறாங்க என்னை." டீச்சர் மூலை நாற்காலியைக் காட்டினார். "நான் யாருகிட்டயும் சொல்லல. வீட்டுல கூடச் சொல்லல. இங்க உக்காந்து படிச்சேன், அவ்வளவுதான். நீங்க பாத்தீங்களா?"

வைரஸ் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். டீச்சர் நம்பியிருப்பார். கோதைக்கும் ஒரு கணம் வாய் வரைக்கும் வந்தது. ஆனால் ஆட்டோவிலிருந்து இறங்கி நின்ற அந்த நாளின் முகம் எப்படி இருந்திருக்கும் என்பதை அவள் இப்போது எதிரில் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் பாக்கலை டீச்சர். ஆனா என் கடை பாத்துடுத்து" என்று ஆரம்பித்து, விளையாட்டு, பலகை, பல் செட், துண்டு எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னாள். "தப்பு என்னோடதுதான். படிக்காம அமுக்கினேன்."

டீச்சர் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்கிற மாதிரி, நிதானமாகச் சொன்னார்.

"அடுத்த வாரம் கர்வே ரோடுல எனக்கு டெஸ்ட். மிஷின் வெச்சா சரியாப் போயிடும்னுதான் படிச்சதுல போட்டிருக்கு. ரிப்போர்ட்டைக் கையில எடுத்துட்டு ஹெட்மிஸ்ட்ரஸ்கிட்ட நானே போய்ச் சொல்றதா இருந்தேன். இத்தனை வருஷமா டெம்பரரி, இந்த வருஷம்தான் பர்மனென்ட் பண்றாங்க. ஸ்கூல் செக்ரட்டரிக்கு என் இடத்துல அவரோட சொந்தக்காரப் பொண்ணைப் போடணும். அவருகிட்ட யாராவது போய், இந்த டீச்சருக்குக் கேக்கவே கேக்காதுன்னு சொல்லிட்டா, கதம், எல்லாம் முடிஞ்சுது. நான் சொன்னா வியாதியையும் சொல்லுவேன், மருந்தையும் சொல்லுவேன். எனக்கு முன்னாடி வேற யாரும் சொல்லிடக்கூடாது அக்கா. அவ்வளவுதான் நான் கேக்கிறது."

டீச்சர் போனதும் கோதை நேராக மூலை மிஷினுக்குப் போனாள். விளையாட்டைப் பிடுங்கி எறிய வேண்டும் என்று கை பரபரத்தது. சுட்டியை அழுத்தப் போனவள் நிறுத்திக்கொண்டாள். இப்போது எடுத்தால், டீச்சர் விஷயம் வெளியே வந்ததால்தான் மாமி எடுத்துவிட்டாள் என்று பிள்ளைகள் முடிவே கட்டிவிடும். காது என்றால் மூலை மிஷின், மூலை மிஷின் என்றால் டீச்சர் என்பது அவர்கள் மனதில் அப்படியே நின்றுவிடும். மனதில் இருப்பதை எந்த மிஷினிலிருந்து அழிப்பது?

ராத்திரிச் சமையலில் சாம்பாருக்கு உப்புப் போட மறந்தவள், மறுநாள் மத்தியானம் கடைக் கதவைச் சாத்திக்கொண்டு கணவரைக் கூப்பிட்டாள். ஆறு மிஷினிலும் தேட ஆரம்பித்தார்கள். வழுக்கை, குறட்டை, மூலம், பல் செட், பித்தவெடிப்பு, முட்டிவலி. நாலு மிஷினில் காது. ஸ்ரீவத்சனுக்கு உற்சாகம் பிடித்துக்கொண்டது. "எங்க பெரியப்பாவுக்கு இருந்ததெல்லாம் போடறேன் பாரு, ஒரு ஆஸ்பத்திரியே வரும்!" என்று கையைத் தேய்த்துக்கொண்டு, இரண்டு விரலால் தட்டித் தட்டி வெளுத்துக் கட்டினார்.

சாயங்காலம் பிள்ளைகள் வந்து உட்கார்ந்தார்கள். கொஞ்ச நேரம்தான். அப்புறம் கடை ரெண்டுபட்டது. முதலில் தாத்தா கார் என்று கேலி பண்ணினவனுக்கு வளைவுக்கு வளைவு மூல வியாதி ஆஸ்பத்திரி. ஒருவனுக்கு வழுக்கை. ரீனாவுக்குக் காதும் பல்லும் மாறி மாறி. யார் யாரைக் கேலி பண்ணுவது என்று தெரியாமல் எல்லாரும் எல்லாரையும் பண்ணினார்கள்.

"மாமி, எனக்கும் காது வருது! நாலு மிஷின்ல வருது!" என்று ரீனா கத்தினாள். "அப்போ அது டீச்சரோட இல்லியா?"

கோதை கடை நடுவில் வந்து நின்றாள். காய்கறிக்காரியிடம் கற்ற மராத்தியில் அத்தனை பேரையும் அடக்கினாள்.

"எந்த டீச்சரையும் இழுக்க வேண்டாம். காது, பல்லு, வழுக்கை எல்லாம் தேடினது நான். இந்தக் கையாலதான் தேடினேன். நாம என்ன தேடறோம்னு இந்த விளையாட்டு திருட்டுத்தனமாப் பாத்துண்டு இருக்கு, அதுக்குத் தகுந்த மாதிரி போர்டு வைக்கறது. நம்பிக்கை இல்லேன்னா இப்பவே எதையாவது தேடிப் பாருங்கோ."

தேடிப் பார்த்தார்கள். ஒருவன் நாய்க்குட்டி என்று தேடினான். சற்று நேரத்தில் மலைச்சாலையில் நாய்ச் சாப்பாட்டு விளம்பரம் வந்தது. முதலில் கைதட்டினார்கள். பிறகு ஒவ்வொருவராக அடங்கிப் போனார்கள். இத்தனை மாதமாக அவரவர் என்னென்ன தேடினார்கள் என்பது அவரவருக்குத்தானே தெரியும். மூலைப் பலகைக்குச் சிரித்தவன் முகம் வெளிறிவிட்டது. அவன் எதைத் தேடினான் என்று கோதை கேட்கவில்லை.

"இதை எடுத்துடுங்க மாமி" என்று அவனே சொன்னான். அவ்வளவு ஆசைப்பட்ட விளையாட்டை எடுக்கச் சொல்லிப் பிள்ளைகளே கேட்டது கோதைக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. அங்கேயே, அவர்கள் கண் முன்னாலேயே, ஆறு மிஷினையும் அடியோடு துடைத்து எல்லாவற்றையும் புதிதாக ஏற்றும் வேலையை ஆரம்பித்தாள்.

கிளம்பும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே ஒரு பெண், "அப்போ மாமிக்குத்தான் காது கேக்கலையா?" என்று இன்னொருத்தியிடம் கேட்டது கோதைக்கு நன்றாகவே விழுந்தது. மறுக்க வாயைத் திறந்தாள். திறந்த வாயை அப்படியே மூடிக்கொண்டாள். ஸ்ரீவத்சன் நிமிர்ந்து பார்த்தார். அவள் ஒன்றும் சொல்ல வேண்டாம் என்று தலையாட்டினாள்.

அப்புறம் கேட்க வேண்டுமா? பிள்ளைகள் வீட்டில் போய்ச் சொல்ல, இரண்டே நாளில் காலனி முழுக்கப் பரவிவிட்டது. கோதைக்குச் சின்ன வயதிலேயே இப்படி ஆகியிருக்க வேண்டாம் என்று கண் கலங்கினார்கள். பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெய் இரண்டு வீட்டிலிருந்து வந்தது. கோயில் பஜனையில் அவளை ஜால்ராவுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். 1995-ல் முந்திக்கொண்டு சொன்ன அதே பக்கத்து வீட்டம்மாள் கேட்டுக்கு வெளியே நின்று, "கோதை! சாப்பிட்டாச்சா!" என்று தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தினாள்.

"சாப்பிட்டேன் மாமி!" என்று கோதையும் அதே சத்தத்தில் கத்தினாள். உள்ளே ஸ்ரீவத்சன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

வேடிக்கை என்னவென்றால், அவளுக்குக் கோபமே வரவில்லை. வரும் வரும் என்று அவளே எதிர்பார்த்தாள். அன்றைக்குப் பறித்துக்கொண்டு போனார்கள், இன்றைக்கு அவளாகக் கொடுத்தாள். எண்ணெயைக்கூட நன்றி சொல்லி வாங்கிச் சாமி விளக்குக்கு ஊற்றினாள்.

கடையில் கூட்டம் குறைந்தது உண்மைதான். காட் ரோடு ரேஸ் வேண்டும் என்பவர்கள் பெரிய ரோட்டில் இருந்த இன்னொரு கடைக்குப் போனார்கள். கோதை இன்டர்நெட் தேவைப்படாத ஒரு பழைய கிரிக்கெட் விளையாட்டை வாங்கிப் போட்டாள், அதன் ஒப்பந்தத்தைக் கண்ணாடி மாட்டிக்கொண்டு கடைசி வரி வரைக்கும் படித்த பிறகு. மூலை நாற்காலியில் துண்டு போடுவதை நிறுத்தினாள். அதற்குப் பதிலாக ஸ்ரீவத்சன் பழைய அட்டைப்பெட்டிகளை வெட்டி ஒவ்வொரு மிஷினுக்கும் இரண்டு பக்கமும் தடுப்பு வைத்துக் கொடுத்தார். இனி யாருக்கும் மூலை தேவைப்படாது. பிள்ளைகள் வீட்டில் சொன்ன கதையைக் கேட்டுவிட்டு, இதுவரை கடைப் பக்கம் வராத சில பெண்கள் தயங்கித் தயங்கி வந்து உட்கார ஆரம்பித்தார்கள்.

பாத்திமா டீச்சர் இரண்டு வாரமாக வரவில்லை. வர மாட்டார் என்றே கோதை நினைத்துக்கொண்டாள். இனி ஏன் வர வேண்டும்?

மார்ச்சில் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரீனா வந்தாள். வழக்கம்போல ஓடி வரவில்லை. செருப்பைக் கழற்றி ஒழுங்காக ஜோடி சேர்த்து வைத்தாள். கோதை உள் கோடியில் பிரிண்டருக்குக் காகிதம் போட்டுக்கொண்டிருந்தாள். கடையில் பாதி நாற்காலிகள் நிறைந்திருந்தன.

"மாமி!" என்று ரீனா, ஊரே செய்கிற மாதிரி உரக்கச் சொன்னாள். "டீச்சர் இன்னிக்குக் காதுல மிஷின் வெச்சிட்டு வந்தாங்க! பிளாக்போர்டு முன்னாடி நின்னு அவங்களே சொன்னாங்க!"

"என்ன சொன்னா?"

"எனக்குக் காது கொஞ்சம் கம்மி, இது வெச்சா கேக்கும், ஹெட்மிஸ்ட்ரஸ்கிட்ட நான் சொல்லிட்டேன், கண்ணாடி போட்ட டீச்சர் இருக்கலாம்னா இதுவும் இருக்கலாம்னு அவங்க சொல்லிட்டாங்க, ஜூன்லேர்ந்து நான் பர்மனென்ட், இனிமே பின் பெஞ்சுல யாரு பேசினாலும் மாட்டுவீங்கன்னு சொன்னாங்க. எல்லாரும் கிளாப் பண்ணோம்."

"அப்படியா! எனக்குத் தெரியாதே" என்றாள் கோதை. டீச்சர் சொல்லிவிட்ட பிறகும் அதைத் தனக்கு முன்பே தெரியும் என்று காட்டிக்கொள்ள அவளுக்கு மனசு வரவில்லை. கண்ணில் தண்ணீர் முட்டியது. காகிதக் கட்டைப் பிரிக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டாள்.

ரீனா நகரவில்லை. நின்ற இடத்திலேயே கால் மாற்றி நின்றாள்.

"இன்னொண்ணும் சொன்னாங்க. நிக்டியில ஒரு ஆளுக்குக் காது நல்லாவே கேக்குமாம். எங்க டீச்சருக்காக, கேக்காத மாதிரி இருந்தாங்களாம். யாருன்னு சொல்ல மாட்டேன், நீங்களே கண்டுபிடிங்கன்னாங்க."

கோதை காகிதத்தைத் தட்டில் செருகினாள். பிரிண்டர் கடகடவென்று ஓடியது. கிரிக்கெட் ஆடுகிறவர்கள் யாரோ அவுட் என்று கூச்சல் போட்டார்கள். அத்தனை சத்தத்துக்கும் அந்தப் பக்கம், வாசலோரத்தில் நின்றுகொண்டு, உதடு அசைவது தெரிந்தும் தெரியாமலும் ரீனா ஒரு வார்த்தை சொன்னாள்.

"ஸாரி, மாமி."

"கேட்டுதுடி" என்றாள் கோதை, திரும்பாமலேயே. "மூணாம் மிஷின் காலியா இருக்கு, போய் உக்காரு."